குடை விரிந்தால் உட்கார வேண்டும்

பத்துமலை முதல் அடி எடுத்து வைத்ததை அவன் அம்மா செல்லாயிதான் முதலில் பார்த்தாள். பிள்ளை நடந்தால் கொழுக்கட்டை அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் செய்த முதல் காரியம் லயத்து வீட்டுக் கதவைச் சாத்தியது. இரண்டாவது காரியம், தள்ளாடி நின்றபடி பல்லைக் காட்டிக்கொண்டிருந்த மகனைத் தோளில் அழுத்தி உட்காரவைத்தது.

"உக்காருடா. இந்தத் தோட்டத்துல காலு இருக்குன்னு காட்டிக்கக் கூடாது," என்றாள்.

அவன் மறுபடி எழுந்தான். அவள் மறுபடி அழுத்தினாள். அவனுக்கு அது விளையாட்டாக இருந்தது. அவளுக்கு அப்படி இல்லை.

காரணம் சீனி கங்காணி.

மலாயாவில், செமோரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தக் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் பெண்கள் இருட்டோடு இருட்டாகப் பெரட்டு என்ற ஆள்கணக்கில் பெயர் கொடுத்துவிட்டு மரம் சீவப் போவார்கள். சீவி முடித்த பிறகு, பால் வடிந்து மரத்தில் கட்டிய மங்கு நிறைகிற வரைக்கும் கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்போது, பிள்ளைகளை விட்டுவரும் ஆயாக்கொட்டகையில் தொங்கும் தண்டவாளத் துண்டை மணியாகத் தட்டுவார்கள். கைப்பிள்ளைக்காரிகள் இறங்கி வந்து, பிள்ளையை மடியில் போட்டு, காலை நீட்டிப் பால் கொடுக்கலாம். மற்றவர்கள் அந்த நேரத்தில் மரத்தடியில் புல் பிடுங்க வேண்டும்.

இதில் யார் பால் கொடுக்க வருகிறவள், யார் சும்மா கால் நீட்ட வருகிறவள் என்று பிரித்துப் பார்க்கச் சீனி கங்காணி தன் சொந்த மூளையில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். பால் கொடுக்கிறவளுக்கு வாளியின் காதில் கட்டிக்கொள்ள ஒரு தகர வில்லை. வில்லை இருந்தால் இறங்கலாம். மாதத்துக்கு ஒரு தரம் அவர் தன் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஆயாக்கொட்டகைக்கு வருவார். முற்றத்தின் ஒரு கோடியில் பிள்ளையை உட்காரவைத்து, மறு கோடியில் தான் நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து ஆட்டுவார். பிள்ளை தவழ்ந்து வந்தால் தாய் பிழைத்தாள். நடந்து வந்தால் பிஸ்கட் பிள்ளைக்கு, வில்லை கங்காணிக்கு.

"நடந்து வந்து பிஸ்கட்டு திங்கிற ஆளுக்கு எதுக்கு மொலப்பாலு? நாளைக்கு வெத்தல மடிச்சுக் குடுப்பியா?" என்பார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் பால் என்று ஒன்று இருந்தால் அது மரத்திலிருந்துதான் வடிய வேண்டும்.

அவருக்கு மேல் யோசித்தவள் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கருப்பம்மாள். நாலு பெற்றவள், வாயில் எப்போதும் புகையிலை, அதைவிடக் காரமான பேச்சு. கம்பி ஒடிந்த ஒரு கறுப்புக் குடையை எங்கிருந்தோ கொண்டுவந்தாள். தாய்மார்கள் மரம் சீவிக்கொண்டிருக்கும்போது அவள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். குடை விரிந்தால் தொப்பென்று உட்கார வேண்டும். காலை மடக்கிக்கொள்ள வேண்டும். வாயைத் திறக்க வேண்டும். திறந்த வாயில் கருப்பட்டித் துண்டு விழும். குடை மடங்கினால் எழுந்து ஓடலாம்.

"நாய்க்குட்டிக்கு ஒரு மாசம் ஆவும். இதுங்க மூணே நாள்ல படிச்சிருச்சுங்க லா," என்று பெருமையாகச் சொன்னாள்.

அதற்கப்புறம் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் நடக்கவே இல்லை. கங்காணி குடையோடு வரும்போதெல்லாம் ஒரு கூட்டமே பிட்டத்தால் தரையைத் தேய்த்துக்கொண்டு கிடந்தது. பிஸ்கட்டை அவர் எவ்வளவு ஆட்டினாலும் அதுகள் வாயைப் பிளந்து பார்த்தனவே தவிர எழுந்திருக்கவில்லை. "என்னா எளவு பிள்ளைங்கய்யா இது," என்று சலித்துக்கொண்டு போவார்.

ஒரு நாள், ஒரே ஒரு தரம், மங்களத்தின் மகள் பாடத்தை மறந்துவிட்டாள். குடைக்காரரை நோக்கி நாலு எட்டு நடந்து பிஸ்கட்டை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே மங்களத்தின் வில்லை போயிற்று. பகலில் பால் கொடுக்க முடியாமல், மாரில் பால் கட்டிக்கொண்டு, ஒரு வழியாகப் பிள்ளையைப் பால் மறக்கடித்தாள். மழைக்காலம் முடிவதற்குள் உண்டாகிவிட்டாள். இப்போது ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தரம் வாந்தி எடுத்தபடி சீவிக்கொண்டிருக்கிறாள்.

செல்லாயி பயந்தது கால் நீட்டும் நேரம் போய்விடும் என்பதற்காக மட்டும் இல்லை. மங்களத்தைப் பார்த்தால் அவளுக்குத் தன் பிரேதமே மரத்தடியில் குனிந்து நிற்பதுபோல இருந்தது.

கப்பலேறி வந்து இறங்கிய அடுத்த வருஷம் பத்துமலை பிறந்தான். பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. பாய் நனைந்து, பலகை நனைந்து, இடுக்கு வழியாகக் கீழே சொட்டியது. கணவன் ஐயாவு எட்டிப்பார்த்துவிட்டு வாசலிலேயே மயங்கி விழுந்தான். அவன்மீது தண்ணீர் தெளிக்க ஒரு ஆள் வேண்டியதாயிற்று. கருப்பம்மாள்தான் கண்ணில்பட்டதையெல்லாம் திட்டிக்கொண்டே, கழுவக்கூட நேரம் எடுக்காமல், பிள்ளையைத் தூக்கிச் செல்லாயியின் மாரில் வைத்தாள். அந்தப் பயல் பிறந்ததே அதற்காகத்தான் என்பதுபோலக் கவ்விக்கொண்டான். அவன் இழுக்க இழுக்க அவள் அடிவயிறு சுருண்டு வலித்தது, வலித்து வலித்துத் தேங்காய்போல இறுகியது. ரத்தம் குறைந்தது. பிறகு நின்றது.

"இனிமே இவன் எப்ப கேட்டாலும் குடுத்துரு. உன்னையக் காப்பாத்துன சம்பளம் லா அது," என்றாள் கருப்பம்மாள்.

அவன் எப்போதும் கேட்டான். இப்போது ஒன்றரை வயதாகிறது. பல் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, கருப்பம்மாளிடம் படித்த இரண்டு கெட்ட வார்த்தை இருக்கிறது. இருந்தும் பகலில் கேட்டான், ராத்திரியில் தூக்கத்தில் கேட்டான். இதுவரைக்கும் செல்லாயிக்குத் தூரம் வரவில்லை. உடம்பு அடுத்ததற்குத் தயாராகவில்லை என்பதற்கு அதுதான் அவளுக்கு அத்தாட்சி. கடலுக்கு இந்தப் பக்கம் அவளுக்கு அம்மா இல்லை, அக்கா இல்லை. இன்னொரு தரம் அப்படி ரத்தம் போனால், ஐயாவு மயக்கம் தெளிந்து எழுவதற்குள் அவள் போய்விடுவாள்.

ஐயாவு நல்லவன்தான். முனகுவானே தவிர முரண்டு பிடிக்கமாட்டான். "நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கங்காணிய பெத்துப் போட்டிருக்க," என்பான். "நான் திரும்பிப் படுத்தாலே முழிச்சுக்கிட்டுப் பெரட்டு எடுக்கிறான்."

"அப்ப திரும்பாமப் படு," என்பாள் செல்லாயி.

கருப்பம்மாள் மட்டும் ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தாள். "இது பூட்டு இல்லடி. கதவ ஒருக்களிச்சுச் சாத்தி வைக்கிறது. பிள்ள ராத்திரி பகலா குடிச்சாத்தான் அதுவும் நிக்கும். ரொம்ப நம்பி ஆடாத."

அதனாலேயே செல்லாயி அந்தப் பகல் நேரத்துப் பாலை உயிரைப் பிடித்துக்கொள்வதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் ஈப்போவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து சேர்ந்தாள். வெள்ளைக்காரி, நெட்டை, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கிற வேலை. கூடவே மொழிபெயர்க்க, தோட்டத்துக்கு மருந்து கொடுக்கப் புதிதாக வந்திருந்த டிரெஸ்ஸர் ஆம்புரோஸ். ஆம்புரோஸ் டவுனில் படித்த வேதக்காரப் பையன். சட்டை கசங்காமல் உட்காருவான், எல்லாப் பெண்களையும் அக்கா என்பான், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டுப் பாடுவான்.

கார் ஆயாக்கொட்டகை முன்னால் நின்றது. முற்றம் முழுக்கப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்த நேரம், காருக்குள் டாக்டரம்மா குனிந்து ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். மணி அடித்துத் தாய்மார்கள் அப்போதுதான் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். டாக்டரம்மா காலை வெளியே வைத்தாள். வெயில் கொளுத்தியது. ஆம்புரோஸ் மரியாதையாக ஓடிவந்து அவள் தலைக்கு மேல் குடையை விரித்தான்.

கறுப்புக் குடை.

முற்றத்துப் பிள்ளைகள் அத்தனையும் தொப் தொப்பென்று உட்கார்ந்தன. காலை மடக்கின. வாயைத் திறந்தன.

டாக்டரம்மா நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொரு வாயும் அவளைப் பார்த்துத் திறந்திருந்தது. இருப்பதிலேயே பெரியவனாகத் தெரிந்த பத்துமலையிடம் குனிந்து, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். குடையோ அவள் தலைக்கு மேலேயே இருந்தது. பாடத்தில் பத்துமலை கெட்டி. கால் தரையில் பட்டதும் ஈரத்துணிபோல மடிந்து விழுந்தான். விழுந்தவன் அவளை நிமிர்ந்து பார்த்து வாயை இன்னும் அகலமாகத் திறந்தான்.

அவள் கருப்பட்டி தரவில்லை. முகம் வெளுத்துப்போய் ஆம்புரோஸிடம் நீளமாக ஏதோ சொன்னாள். அடுத்தடுத்து நாலைந்து பிள்ளைகளைத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் மடிந்தன.

ஆம்புரோஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அக்காமாரே, டாக்டரம்மா என்னா சொல்றாங்கன்னா, இந்தப் பிள்ளைங்களுக்குக் காலுல சத்து இல்ல. ஒரு மாதிரி சீக்கு. நீங்க வெள்ளச் சோத்தையே திங்கிறீங்க, அதனால உங்க பாலுல ஏதோ குறையுதாம். இனிமே ஒரு வயசு தாண்டுன பிள்ளைக்கு மொலப்பாலு வேண்டாம், டின்னுப்பாலு குடுக்கணும். வெள்ளிக்கிழம காரு வரும். மோசமா இருக்கிற பிள்ளைங்கள ஈப்போ ஆஸ்பத்திரியில கொண்டுபோய் வச்சுப் பார்ப்பாங்க. மொதல்ல இந்தப் பெரிய பையன்."

அவன் விரல் பத்துமலையைக் காட்டியது.

செல்லாயி கருப்பம்மாளைப் பார்த்தாள். புகையிலையை விழுங்கிவிட்டாளோ என்னவோ, ஆயாவுக்கு விக்கல் எடுத்தது.

கங்காணிக்கு விஷயம் எட்ட அரை நாள்கூட ஆகவில்லை. மறுநாள் பெரட்டில் ஒவ்வொரு வாளியாகப் பார்த்து வில்லைகளை அவிழ்த்துக்கொண்டார். "டாக்டரம்மாவே சொல்லியாச்சு. உங்க பாலு உதவாத பாலு. டின்னு நம்ம வீட்டுக் கடையிலயே இருக்கு," என்று சிரித்தார். ஒரு வயதுக்குக் கீழே கைக்குழந்தை வைத்திருந்த இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரும் புல் பிடுங்கப் போனார்கள்.

அன்றைக்கு மணி அடித்தபோது செல்லாயி மரத்தடியில் குந்தியிருந்தாள். மணிச் சத்தம் காதில் விழுந்த உடனே மாரில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. உடம்புக்குக் கங்காணியின் உத்தரவு தெரியவில்லை. மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் கல்லாகி, கையைத் தூக்கினால் உயிர் போனது. மாலையில் லேசாகக் காய்ச்சலும் வந்தது.

பொழுது சாய, குழாயடியில் பெண்கள் கூடினார்கள். வாந்திக்கு நடுவே வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த மங்களம், "நல்லா படிச்சுக் குடுத்தீங்க பாடம்," என்றாள்.

"நான் என்னத்தடி கண்டேன், அந்தப் பொம்பளையும் கறுப்புக் குடையோட வருவான்னு?" கருப்பம்மாள் குடத்தை நங்கென்று வைத்தாள். "ஒரு செவப்புக் குடை புடிச்சா என்ன கொறஞ்சு போயிருவா?"

"உண்மைய சொல்லிரலாம்," என்றாள் செல்லாயி.

"என்னான்னு சொல்லுவ? பிள்ள நடக்குதுன்னா? சொன்னா கங்காணி வில்லையத் திருப்பித் தருவாரா? நடக்குற பிள்ளைக்குப் பாலு கெடையாதுன்னுதானே அவரு சட்டம்? அதோட, இத்தன நாளா ஏமாத்துனதுக்கு என்னையத் தூக்கித் தஞ்சோங் ரம்புத்தான்ல அடைச்சிருவாங்க."

"பைத்தியக்கார ஆஸ்பத்திரியில உன்னைய வச்சா அங்க இருக்கிறவங்களுக்குத் தெளிஞ்சிரும்," என்றாள் மங்களம்.

செல்லாயி சிரிக்கவில்லை. வாயை மூடினால் பால் போயிற்று, மகன் ஈப்போ போனான். வாயைத் திறந்தால் வில்லை போயிற்று. எப்படிப் பார்த்தாலும் அவள் நினைப்பு அந்த நனைந்த பாயில்தான் போய் நின்றது. வீட்டுக்கு வந்ததும் பத்துமலை ஓடிவந்து ஏறிக்கொண்டான். கல்லாகியிருந்த பக்கத்தில் அவன் வாய் வைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் கல் கரைந்தது, தோளிலிருந்து பாரம் இறங்கியது, காய்ச்சல்கூட விட்டதுபோல இருந்தது.

"ஆஸ்பத்திரியில விட்டா இவன் மறந்துருவானா?" என்று ஐயாவு கேட்டான். அவனும் பயந்துதான் போயிருந்தான்.

"மறந்துருவான். அப்புறம் நீ இந்தப் பக்கம் திரும்பிப் படுக்கலாம். அடுத்த வருஷம் என்னையப் பொதைக்கலாம்," என்றாள்.

ஐயாவு எழுந்துபோய் வாசலில் உட்கார்ந்தான். உள்ளே பார்க்காமலே சொன்னான். "வெள்ளிக்கிழம நீ என்னா பேசினாலும் பேசு. நானும் வாரேன். மயக்கம் மட்டும் வராம பாத்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை கார் வந்தது. இந்தத் தடவை துரையும் வந்திருந்தார். தன் தோட்டத்துப் பிள்ளைகள் மொத்தமும் முடம் என்று ஈப்போவில் பேச்சாகிவிடுமே என்ற கவலை அவர் மீசையில் தெரிந்தது. கங்காணி தன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துரைக்குப் பின்னால் நின்றார். துரைக்கு முன்னால் அவர் குடை விரிக்கமாட்டார். டாக்டரம்மா இறங்கினாள். ஆம்புரோஸ் குடையை விரித்தான். பிள்ளைகள் உட்கார்ந்தன, வாயைத் திறந்தன.

"மை காட்," என்றார் துரை.

செல்லாயி முன்னால் வந்து ஆம்புரோஸின் பக்கத்தில் நின்றாள். "தம்பி, அந்தக் குடைய மடக்கச் சொல்லு."

"என்னாக்கா?"

"குடைய மடக்கணும்."

"வெயிலுக்கா. வெள்ளக்காரத் தோலு. செவந்துருச்சுன்னா என் வேல போயிரும்."

"மடக்கு தம்பி."

"நான் வேணும்னா வேற மாதிரி நைசா சொல்லிப் பாக்குறேன்," என்று ஆம்புரோஸ் ஆரம்பிப்பதற்குள் அவள் அவன் கையிலிருந்து குடையைப் பிடுங்கி, கம்பி கையைக் கடிக்கக் கடிக்க, படக்கென்று மடக்கிவிட்டாள்.

முதலில் எழுந்தவன் பத்துமலை. கருப்பட்டி கிடைக்காத கோபம் முகத்தில் இருந்தது. படித்திருந்த இரண்டு கெட்ட வார்த்தையில் சின்னதைச் சொல்லிவிட்டு, முற்றத்தின் குறுக்கே ஓடிப்போய்க் கோழியை விரட்டினான். அவன் பின்னால் மற்றதெல்லாம் எழுந்து ஓடியது. ஒன்று காரின் சக்கரத்தில் ஏறியது. ஒன்று துரையின் காலுறையைப் பிடித்து இழுத்தது.

டாக்டரம்மாவின் வாய் இப்போது திறந்திருந்தது. செல்லாயி குடையை விரித்தாள். எல்லாம் உட்கார்ந்தன. மடக்கினாள். எல்லாம் ஓடின. இன்னொரு தரம் செய்து காட்டினாள். ஐயாவு வேலியோரத்தில் நின்று, சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டான்.

துரைக்குத் தோட்டத் தமிழ் வரும். "என்னா இது, கங்காணி?" என்றார்.

கங்காணிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் முகம் மலர்ந்தது. "துரை, இவளுங்க ஏமாத்துக்காரிங்க. பிள்ள நல்லா நடக்குது. நடக்குற பிள்ளைக்குப் பாலு நேரம் கெடையாதுன்னு நான் வச்ச சட்டத்துக்குப் பயந்து, உக்கார வச்சுப் பழக்கியிருக்காளுங்க. சீக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரி வேணாம். வில்லையும் வேணாம். எல்லாரும் புல்லு புடுங்கப் போலாம்."

டாக்டரம்மா எதையோ கேட்டாள். ஆம்புரோஸ் செல்லாயியிடம் திரும்பினான். "ஏன் இவ்வளவு பாடுபட்டீங்கன்னு கேக்குறாங்க. நடக்குற பிள்ள, சோறு திங்கிற பிள்ள. அதுக்குப் பாலு இல்லன்னா என்னா கொறஞ்சிரும்னு கேக்குறாங்க."

"அவனுக்கு ஒண்ணும் கொறையாது. எனக்குக் கொறையும்னு சொல்லு," என்றாள் செல்லாயி. நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று பயந்து வேகமாகப் பேசினாள். "எல்லாரும் பிள்ளைக்கு நல்லதா கெட்டதான்னே பேசுறீங்க. என்னைய யாரும் கேக்கல. இவன் பொறந்தப்ப எனக்கு ரத்தம் நிக்கல. இவன் வாய வச்சு இழுத்தான், வயிறு இறுகுச்சு, நின்னுச்சு. அன்னிக்குக் குடிச்சது அவன், பொழச்சது நான். இப்ப ராத்திரி பகலா இவன் குடிக்கிறதுனாலதான் எனக்குத் தூரம் வரல. அடுத்தது சீக்கிரம் வந்தா நான் இருக்கமாட்டேன். இங்க எனக்கு அழுவறதுக்குக்கூட ஆளு இல்ல."

ஆம்புரோஸ் ஒரே ஒரு வரியில் ஏதோ சொன்னான். டாக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா என்று அந்தப் பார்வை கேட்டது.

"அக்கா, தூரம் கீரம்னு நான் எப்படிச் சொல்றது? கோயில்ல பாட்டுப் பாடுற ஆளு நான்," என்று ஆம்புரோஸ் கெஞ்சினான்.

"பாட்டாவே பாடிச் சொல்லு. ராகம் நான் எடுத்துக் குடுக்குறேன்," என்றாள் கருப்பம்மாள்.

ஆம்புரோஸ் காது சிவக்க, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். தமிழிலேயே முழுக்கக் கேட்டுப் புரிந்துகொண்டுவிட்ட துரை, அதை மறுபடி இங்கிலீஷிலும் கேட்க வேண்டியிருந்ததால், பக்கத்து மரத்தின் பட்டையை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கினார்.

செல்லாயிக்கு இப்போது தைரியம் வந்திருந்தது. கங்காணியைப் பார்த்தாள். "மங்கு நெறஞ்சு ஒரு சொட்டு தரையில வழிஞ்சா அந்தக் கத்து கத்துறீங்களே, கங்காணி. வில்லைய அவுத்த அன்னிக்கு மரத்தடியில எங்க பாலு பூரா ரவிக்கையில வழிஞ்சுச்சு. காய்ச்ச வந்துச்சு. மறுநாள் கத்தி புடிக்க முடியாம மரத்தக் கோணையா சீவுனேன். அதுக்கு யாரு கத்துறா?"

"கோணையா சீவுனியா?" என்றார் துரை, மரத்திலிருந்து சட்டென்று திரும்பி. மற்ற எதையும்விட அது அவரைத் தொட்டது.

டாக்டரம்மா ஆம்புரோஸிடம் மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவன் தமிழாக்கினான். "ரத்தம் நின்ன விஷயம் நெசம்தானாம். அவங்க ஆஸ்பத்திரியிலயும் பிள்ள பொறந்த ஒடனே மாருல வைக்கச் சொல்றாங்களாம். அடுத்தது தள்ளிப்போறதும் நெசம்தானாம். ஆனா பிள்ள வளர வளர அந்தக் காவல் தளர்ந்துருமாம், முழுசா நம்பிராதீங்கன்றாங்க."

"என் மூணாவது அப்படித்தான் உள்ள பூந்துச்சு," என்றாள் கருப்பம்மாள். "அத மொழிபெயர்க்க வேணாம்."

கங்காணிக்கு நிலைமை கைநழுவுவது தெரிந்தது. "துரை, இவ பேச்ச வச்சு ஒண்ணும் முடிவு பண்ண வேணாம். இந்தப் பயலுக்குப் பாலு மேல ஆசையே கெடையாது. நான் காட்டுறேன் பாருங்க." சட்டைப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தார். முற்றத்தின் மறு கோடிக்குப் போய் நின்று ஆட்டினார். "டேய் பத்துமலை, இங்க வா. நல்ல பிஸ்கட்டு. டவுன் பிஸ்கட்டு."

செல்லாயி எதிர்ப்பக்கத்தில் நின்றாள். மகனை அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அவன் வருகிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பிஸ்கட் அவன் பலவீனம்.

பத்துமலை கோழியை விட்டான். பிஸ்கட்டைப் பார்த்தான். கங்காணியை நோக்கி நேராக, கால் தடுக்காமல், பெரிய மனுஷன்போல நடந்தான். கங்காணி துரையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பத்துமலை பிஸ்கட்டை வாங்கினான். ஓரத்தைக் கடித்துப் பார்த்தான். நன்றாக இருந்தது போலிருக்கிறது, தலையை ஆட்டினான்.

பிறகு அப்படியே திரும்பி, வந்த வழியே நடந்தான். அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். மடியில் ஏறினான், மாராப்பை ஒதுக்கினான், அத்தனை பெரிய மனுஷர்களுக்கும் முன்னால் வாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். பிஸ்கட் மட்டும் ஒரு கையில் உயர்ந்து நின்றது. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஒரு கடி கடித்தான். மறுபடி இழுத்தான்.

முதலில் சிரித்தது டாக்டரம்மா. அடக்கப் பார்த்து முடியாமல் காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கருப்பம்மாள். அப்புறம் ஆம்புரோஸ், கோயில் பாட்டையெல்லாம் மறந்து. ஐயாவுக்குத் துண்டு வாயிலிருந்து விழுந்துவிட்டது.

துரை மட்டும் சிரிக்காமல், முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். டாக்டரம்மா அவரிடம் சுருக்கமாக ஏதோ சொன்னாள். அவர் மறுத்தார். அவள் மறுபடி சொன்னாள், இந்தத் தடவை சிரிப்பு இல்லாமல். வெந்நீர் இல்லாமல் கரைக்கும் டின்னுப்பாலும் வயிற்றுப்போக்கும் துரை கட்ட வேண்டிய ஆஸ்பத்திரிச் செலவும் அதில் இருந்ததாக ஆம்புரோஸ் பிற்பாடு சொன்னான்.

"ரெண்டு வயசு," என்றார் துரை கடைசியில். "ரெண்டு வயசு வரைக்கும் மணி அடிச்சா வரலாம். நடந்தாலும் சரி, ஓடினாலும் சரி. மரம் கோணையா சீவக் கூடாது. கங்காணி, வில்லையத் திருப்பிக் குடு. பிஸ்கட் வேலை வேணாம்."

டாக்டரம்மா காரில் ஏறுவதற்கு முன் செல்லாயியிடம் குடைக்குக் கை நீட்டினாள். செல்லாயி திருப்பிக் கொடுத்தாள். டாக்டரம்மா அதை விரிக்கவில்லை. முகம் சிவக்கச் சிவக்க வெயிலிலேயே நின்று, சோற்றுக்குத் தவிடு போகாத அரிசி போடவும் பயறு சேர்க்கவும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் கஷ்டப்பட்டது சீனி கங்காணி ஒருவர்தான். பிள்ளைகளுக்கு இனி நடக்கத் தடை இல்லை என்று தாய்மார்கள் எவ்வளவு சொல்லியும் குடைப் பாடம் மட்டும் மறக்கவில்லை. அவர் லயத்துப் பக்கம் குடையை விரித்தால் போதும், பாதையின் நடுவில் ஒரு கூட்டம் தொப்பென்று உட்கார்ந்து, வாயைத் திறந்து வழிமறித்தது. கருப்பட்டி விழாமல் நகர மறுத்தது.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. மழையில் பால் வெட்டு இல்லை என்றாலும், பாதியில் நின்ற மரங்களுக்காகப் பெண்களைக் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். செல்லாயி ஆயாக்கொட்டகையில் தூணில் சாய்ந்து இரண்டு காலையும் நன்றாக நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பத்துமலை. பக்கத்தில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மங்களம். அவளுக்கு வில்லை இல்லை, ஆனால் இப்போது யாரும் கேட்கவில்லை.

முற்றத்தைத் தாண்டிக் கங்காணி போனார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். குடை மடங்கியபடி அவர் கக்கத்தில் இருந்தது.

"குடையிருந்தும் நனையுறாரே, பாவம்," என்றாள் மங்களம்.

செல்லாயி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பேச்சுச் சத்தத்தில் பத்துமலையும் வாயை எடுத்துவிட்டு, மழையில் போகிறவரை ஆவலோடு பார்த்தான். அவர் குடையை விரிப்பதாக இல்லை. ஏமாற்றத்தோடு திரும்பினான்.

செல்லாயி அவனை அடுத்த பக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.